உருகினவா, கரைந்தனவா? நானே எழுதிய ஒரு கருத்தறிதல் பகுதியைப் பற்றி



திறனாய்வு என்றால் ஒரு சிறுகதையையோ கவிதையையோ எடுத்துக்கொள்வதுதான் நம் வழக்கம். இந்த முறை நான் எடுத்திருப்பது இலக்கியமே இல்லை. ஒரு கருத்தறிதல் பகுதி. எழுதியவர் வேறு யாரும் இல்லை, நான்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் உயர்நிலை நான்கு மாணவர்களுக்குச் சுயவிடைக் கருத்தறிதல் பயிற்சிக்காக எழுதினேன். தலைப்பு 'நம் காலடியில் ஒரு கருங்கல்'. புக்கிட் தீமா குன்று எப்படி உண்டாயிற்று என்பது பொருள். உள்ளூர்ச் செய்தி, அறிவியல், கொஞ்சம் அழகான தமிழ், மூன்றும் சேர்ந்து வந்துவிட்டது என்று அப்போது எனக்கு ரொம்பப் பெருமை. வேறு சில பள்ளி ஆசிரியர்களும் கேட்டு வாங்கினார்கள். உங்கள் கோப்பிலும் அந்தத் தாள் இருக்கலாம்.

அதன் இரண்டாம் பத்தி இது:

"பூமித்தாயின் வயிற்றில் கொதித்த எரிமலைக் குழம்பு, தன் வழியில் கண்ட அனைத்தையும் உருக்கித் தன்னுள் அடக்கிக்கொண்டது. இரும்பும் செம்பும் கந்தகமும் கலந்த தாதுக்கள்கூட அதன் கோர வெப்பத்தில் மெழுகாய் உருகின. பின்னர் அக்குழம்பு ஆறி, இன்று நாம் காணும் கருங்கல்லாக உறைந்தது."

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நன்றாகத்தான் இருக்கும். நான்காம் கேள்வி இப்படி: கந்தகம் கலந்த தாதுக்கள் குழம்பில் சேர்ந்தபோது என்ன ஆயின? இரண்டு மதிப்பெண். விடைக்குறிப்பில் 'மெழுகாய் உருகின' என்று எழுதியிருந்தேன்.

ஒரு மாணவி, 'அவை உருகியிருக்காது, கொஞ்சம் கரைந்திருக்கும்' என்று எழுதினாள். சுழியம் போட்டேன். வகுப்பு முடிந்ததும் தாளோடு வந்து நின்றாள்.

"டீச்சர், ரசத்துல உப்புப் போட்டா உருகுதா, கரையுதா?"

"கரையுது."

"உப்பு உருகணும்னா 801 டிகிரி வேணும். கெமிஸ்ட்ரில படிச்சோம். ரசம் நூறு டிகிரிதானே? அப்ப உருகாமலே ஒண்ணு கரைஞ்சு போகலாம் இல்லையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாதபோது நம்மில் பலர் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "பகுதியில என்ன இருக்கோ அதை எழுதணும்மா. உன் சொந்தக் கருத்தைக் கேட்கலை." அவள் வாக்குவாதம் செய்யவில்லை. மறுநாள் திருத்தம் எழுதிக் கொடுத்தாள். 'கரைந்திருக்கும்' என்பதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே அழகான கையெழுத்தில் 'மெழுகாய் உருகின' என்று இருந்தது. நான் சிவப்பு மையில் சரி போட்டேன்.

அந்தச் 'சரி'யைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 'பகுதியில் உள்ளதை எழுது' என்ற விதி தவறு இல்லை. கருத்தறிதல் என்பது படித்ததைப் புரிந்துகொண்டதற்கான சோதனை. தேர்வு எழுதும் மாணவர்கள் அந்த விதியை மீறக் கூடாது. ஆனால் அந்த விதி இருப்பதால்தான் பகுதியை எழுதுகிறவருக்குப் பொறுப்பு இரண்டு மடங்காகிறது. நாம் தவறாக எழுதினால், மாணவர் அந்தத் தவறைச் சரியென்று எழுதிக் காட்டித்தான் மதிப்பெண் வாங்க வேண்டும்.

இனி அந்தப் பத்தியைச் சொல் சொல்லாகப் பார்ப்போம்.

'எரிமலைக் குழம்பு' என்பதிலேயே சறுக்கல் தொடங்குகிறது. புக்கிட் தீமா கிரானைட் எந்த எரிமலை வாயிலிருந்தும் வழிந்து வந்தது இல்லை. ட்ரயாசிக் காலத்தில், ஏறத்தாழ 23 முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்துக்கு அடியில் ஆழத்திலேயே மெதுவாக ஆறிக் கல்லானது. மெதுவாக ஆறியதால்தான் அதன் மணிகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக வளர்ந்தன. மேலே இருந்த பாறை அரித்துப்போன பிறகுதான் அது வெளியே தெரிந்தது. 'பாறைக்குழம்பு' என்றோ 'மாக்மா' என்றோ எழுதியிருக்கலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இலங்கைப் பாடநூல்களும் 'தீப்பாறை' என்ற நல்ல சொல்லை வைத்திருக்கின்றன. நான் 'எரிமலை'யைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அதில் தீயும் புகையும் இருக்கிறது, பத்தி சூடாகத் தொடங்கும் என்ற ஆசை.

'கோர வெப்பம்' அதைவிட மோசம். கிரானைட் உண்டாகும் குழம்பு, குழம்புகளிலேயே சூடு குறைந்த வகை. ஹவாயில் வழிகிற பசால்ட் குழம்பு 1,100, 1,200 டிகிரி செல்சியஸில் இருக்கும். கிரானைட் குழம்பு பெரும்பாலும் 700 முதல் 900 டிகிரிக்குள்தான். இரும்புச் சல்ஃபைடோ உருகுவதற்கு ஏறத்தாழ 1,190 டிகிரி கேட்கும். ஈயச் சல்ஃபைடு 1,100க்கு மேல் கேட்கும். ஆக, என் பத்தியில் மெழுகாய் உருகிய தாதுக்கள் நிஜத்தில் உருகவே வழியில்லை. செம்பு கலந்த சில சல்ஃபைடுகள் இதைவிடக் குறைந்த சூட்டில் இளகும் என்பது உண்மை. ஆனால் நான் அதை அறிந்து எழுதவில்லை. 'கோரம்' என்ற சொல்லே எல்லாவற்றையும் உருக்கிவிடும் என்று நம்பியிருக்கிறேன்.

'தன் வழியில் கண்ட அனைத்தையும்' என்பதும் பொய். குழம்பிடம் இருக்கும் வெப்பத்துக்கு ஓர் அளவு உண்டு. சுற்றியிருக்கும் பாறையிலிருந்து உடைந்து விழும் துண்டுகளை எல்லாம் அது செரித்துவிடுவதில்லை. வேறு நிறத்தில் திட்டுத் திட்டாக, விழுங்கியும் செரிக்காத துண்டுகளைப் பல ஊர்க் கிரானைட்டுகளில் இன்றும் பார்க்கலாம்.

சரி, உருகவில்லை. கரைந்தனவா? மாணவி சொன்னது சரியா?

சரிதான். இதை எனக்குப் புரிய வைத்தது புத்தகம் அல்ல, தேக்கா பக்கத்தில் ஒரு பாத்திரக் கடை. தீபாவளிக்கு முன்னால் அம்மாவுக்கு ஈயச் சொம்பு வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் பொட்டலம் கட்டும்போது, "அக்கா, இதை வெறுமனே அடுப்புல வச்சிடாதீங்க, உருகிடும். ரசம் ஊத்தினப்புறம்தான் சூடே காட்டணும்" என்றார். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சொம்பின் சூடு நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும், அதனால் தப்பிக்கும். அந்த ரசத்தில் புளியைக் கரைத்திருக்கிறோம், உப்பைக் கரைத்திருக்கிறோம். ஒரே பாத்திரம். சொம்பு உருகினால் அதற்குச் சூடு மட்டும் போதும், துணைக்கு வேறொன்றும் வேண்டாம். உப்பு கரைய வேண்டுமானால் கரைப்பான் ஒன்று வேண்டும். உருகுதல் தனி ஆளின் வேலை. கரைதல் இரண்டு பேர் சேர்ந்து செய்வது. சிராங்கூன் சாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, கையில் பொட்டலத்தோடு, அந்த மாணவியின் தாள் ஞாபகம் வந்தது.

கிரானைட் குழம்புக்குள் நடப்பது இரண்டாவது வகை. பெரும்பாலும் சிலிக்கானும் ஆக்ஸிஜனும் பின்னிக் கிடக்கிற, பாகு போன்ற திரவம் அது. அதில் ஒரு சல்ஃபைடு மணி விழுந்தால், அதன் ஓரத்திலிருந்து கந்தகமும் இரும்பும் பிரிந்து வெளியேறும். குழம்பில் ஆக்ஸிஜன் அணுக்கள் இருந்த சில இடங்களைக் கந்தகம் பிடித்துக்கொள்ளும், அதுவும் இரும்பு பக்கத்தில் இருந்தால்தான் அங்கே நிம்மதியாக இருக்கும். அதாவது சர்க்கரை தண்ணீரில் கலப்பது போன்ற சும்மா ஒரு கலப்பு இல்லை இது. இடம் மாறும் வேதிவினை. ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்கார முடியும். இதை முதலில் ஒழுங்காக அளந்தவர்கள் எரிமலை ஆய்வாளர்கள் அல்லர், உருக்காலைக் கசடை ஆராய்ந்தவர்கள். 1954இல் ஃபின்ச்சாமும் ரிச்சர்ட்சனும் கசடு எவ்வளவு கந்தகத்தை ஏற்கும் என்று கணக்கிட்டார்கள். இரும்பிலிருந்து கந்தகத்தை எடுக்கச் சுண்ணாம்பு சேர்ப்பது பழைய உலைக்களத் தந்திரம். (சிராங்கூன் வட்டாரத்தைச் 'சுண்ணாம்புக் கம்பம்' என்று நம் முன்னோர் அழைத்தது நினைவுக்கு வருகிறதா? அங்கே எரிந்தது வீடு கட்டுவதற்கான சுண்ணாம்பு. சம்பந்தம் இல்லை. இருந்தாலும் சொல்லத் தோன்றியது.)

இங்கேதான் எனக்குத் தமிழ் ஆசிரியராகச் சந்தோஷம் தந்த ஒரு சொல் வருகிறது: தெவிட்டுதல்.

இனிமேல் கரையாது என்ற நிலையை எட்டிய கரைசலைத் தமிழ்நாட்டு வேதியியல் பாடநூல் 'தெவிட்டிய கரைசல்' என்கிறது. இலங்கையில் 'நிரம்பிய கரைசல்' என்பார்கள். இரண்டும் நல்ல சொற்கள்தான். ஆனால் 'நிரம்பிய' என்றால் ஒரு குடம் மனக்கண்ணில் தோன்றும். 'தெவிட்டிய' என்றால் பந்தியில் மூன்றாவது லட்டை இலையில் வைக்கும்போது கையை நீட்டி "போதும்" என்கிறோமே, அது தோன்றும். இடம் இருக்கலாம், ஏற்க முடியாது. சல்ஃபைடு விஷயத்தில் அதுதான் நடக்கிறது. கிரானைட் குழம்பில் எவ்வளவோ ஆக்ஸிஜன் இடங்கள் உண்டு. ஆனால் இரும்பு குறைவு, சூடும் குறைவு. ஆகவே அது சீக்கிரமே தெவிட்டிவிடும். கடலடியில் உண்டாகும் பசால்ட்டில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ ஆயிரம் பங்கு கந்தகம் இருக்கும். கிரானைட் குழம்பில் சல்ஃபைடாகக் கரைந்திருக்கும் கந்தகம் பெரும்பாலும் சில நூறு பங்கைக்கூட எட்டாது. மிச்சமுள்ள சல்ஃபைடு மணியாகவே, சில சமயம் குழம்போடு கலவாத தனித் துளியாக, நின்றுவிடும். குழம்பைவிடக் கனமானவை என்பதால் அந்தத் துளிகள் அடியில் தங்கவும் கூடும்.

'தெவிட்டாத' என்ற பெயரெச்சத்தைப் பக்திப் பாடல்களிலிருந்தும் மேடைப் பேச்சிலிருந்தும் நம் பிள்ளைகள் அறிவார்கள். 'தெவிட்டிய' என்பதை வேதியியலில் யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை, ஏனென்றால் இங்கே வேதியியல் ஆங்கிலத்தில் நடக்கிறது. அந்தச் சொல்லை நான் அல்லவா பகுதிக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும்? சொற்பொருள் கேள்விக்கு எவ்வளவு நல்ல சொல்! அதை விட்டுவிட்டு 'மெழுகாய்' என்று எழுதினேன்.

ஏன் அப்படி எழுதினேன் என்று யோசித்தேன். சோம்பேறித்தனம் ஒரு காரணம். இன்னொன்று நம் மொழிப்பழக்கம். பேச்சுத்தமிழில் உருகுவதும் கரைவதும் வேலிகளைத் தாண்டிப் போய்வரும். 'ஐஸ் கரைஞ்சிடுச்சு' என்கிறோம். 'மெழுகுவர்த்தி கரைகிறது' என்று எழுத்திலும் வரும். உள்ளம் உருகும், உள்ளம் கரையும், பொருள் வேறுபாடு அவ்வளவாக இல்லை. காகம்கூடக் கரைகிறது, அது வேறு கரைதல். இதெல்லாம் மொழியின் செல்வம், குறை அல்ல. பாட்டில் எப்படி வேண்டுமானாலும் கரையட்டும், உருகட்டும். ஆனால் ஒரு பொருள் எப்படி நடக்கிறது என்று விளக்கப் புகுந்தவுடன் இரண்டு வினைச்சொற்களும் அவரவர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். விளக்க உரைநடைக்கும் கவிதை உரைநடைக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. நான் ஒன்றை எழுதுவதாக நினைத்துக்கொண்டு இன்னொன்றை எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது வினைச்சொல் ஒன்றும் இருக்கிறது. பைரைட் என்ற பித்தளை நிறத் தாது, இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. அதைத் தரைமட்ட அழுத்தத்தில் சூடாக்கினால் 740 டிகிரி அளவில் உருகவும் செய்யாது, கரையவும் செய்யாது. சிதையும். கந்தகத்தில் ஒரு பகுதியை வெளியே விட்டுவிட்டு வேறொரு இரும்புச் சல்ஃபைடாக மாறும். உருகு, கரை, சிதை. மூன்றும் சின்னச் சின்ன வினையடிகள், எல்லாம் நம்மிடம் தயாராக இருக்கின்றன. கலைச்சொல் அகராதி தேடி ஓட வேண்டிய அவசியமே இல்லை.

இலக்கணம் நடத்தும் ஆசிரியர்கள் இன்னொன்றைக் கவனிக்கலாம். 'குழம்பு தாதுக்களை உருக்கியது' என்று பிறவினையில் எழுதியதும் குழம்பு ஒரு பராக்கிரமசாலியாகிவிடுகிறது. 'தாது குழம்பில் கரைந்தது' என்று தன்வினையில் எழுதினால், எதனால், எவ்வளவு, எதுவரை என்ற கேள்விகள் தாமாகவே எழும். உருகு, உருக்கு, கரைந்தது, கரைத்தது. தன்வினை, பிறவினையை நாம் பயிற்சித்தாளில் அட்டவணையாகக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்கிறோம். ஒரு பத்தியின் உண்மையும் பொய்யும் அந்த ஒற்றெழுத்தில் தொங்கும் என்று காட்டுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

அடுத்தது 'கருங்கல்'. தமிழ்நாட்டில் இந்தச் சொல் பொருத்தமாக இருக்கும். சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கிடைக்கும் கல் உண்மையிலேயே கருமை படர்ந்தது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகையென்று கண்டு, தாமஸ் ஹாலண்ட் 1893இல் அதற்குச் 'சார்னோக்கைட்' என்று பெயர் வைத்தார். நம் ஊர்க் கிரானைட்டின் கதை வேறு. புக்கிட் தீமாவின் பழைய ஹிண்ட்ஹீட் கற்சுரங்கத்துக்குப் போய்ப் பாருங்கள், உடைந்த முகப்பு வெளிர் சாம்பலாக இருக்கும். புலாவ் உபின் கல்லும் கறுப்பு அல்ல. 1850, 1851இல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டியது அந்தக் கல்லில்தான். ஜொகூர் பாலத்துக்குக் கொட்டியதும் இந்த இரண்டு இடத்துக் கல்லே. உபினில் கடைசிக் கற்சுரங்கம் 1999இல் மூடப்பட்டது. இவ்வளவு கதையுள்ள கல்லுக்கு நான் இன்னொரு நாட்டுக் கல்லின் நிறத்தைப் பூசிவிட்டேன்.

நிறம் சும்மா அலங்காரம் இல்லை, அதனால்தான் இதில் நிற்கிறேன். புக்கிட் தீமாவிலிருந்து கொஞ்ச தூரத்தில், புக்கிட் கோம்பாக் பக்கம் கருமையான வேறொரு தீப்பாறை இருக்கிறது. நோரைட் என்றும் கேப்ரோ என்றும் சொல்வார்கள். அது கறுப்பாக இருக்கக் காரணம் அதில் இரும்பும் மக்னீசியமும் உள்ள தாதுக்கள் அதிகம். இரும்பு அதிகமுள்ள குழம்பு கூடுதலாகச் சல்ஃபைடைக் கரைக்கும் என்று மேலே பார்த்தோம். அப்படியானால் ஒரு சிங்கப்பூர்ப் பிள்ளை, இரண்டு குன்றுகளின் நிறத்தைப் பார்த்தே எந்தக் குழம்பு சீக்கிரம் தெவிட்டியிருக்கும் என்று ஊகிக்கலாம்! சுயவிடைக் கேள்விகளில் நாம் ஏங்குகிற 'ஊகித்தறிதல்' கேள்வி அதுதான். வெளிர் நிறக் கல்லைக் 'கருங்கல்' என்று எழுதி அந்தக் கேள்வியை நானே கொன்றுவிட்டேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "ஏதோ ஒரு தாது உருகினால் என்ன, கரைந்தால் என்ன, தமிழ்த் தேர்வில் இது தேவையா?" என்று கேட்கலாம். என் சக ஆசிரியை ஒருவர் கேட்கவே செய்தார். தேவை என்பேன், ஏனென்றால் அந்தக் கந்தகத்தோடு செம்பின் தலைவிதி கட்டப்பட்டிருக்கிறது. செம்புக்குக் கந்தகத்தின்மேல் அவ்வளவு ஒட்டுதல். குழம்புக்குள் சல்ஃபைடு கரையாமல் நின்றால், செம்பு அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். சுரங்கம் வெட்டும் அளவுக்கு ஓரிடத்தில் திரளாது. குழம்பில் ஆக்ஸிஜன் செல்வாக்கு மிகுந்திருந்தால் கதை மாறும். சல்ஃபைடு, சல்ஃபேட்டாக மாறி நிலைகுலையும். பூட்டியிருந்த செம்பு குழம்புக்குள் விடுபடும். பிறகு குழம்பிலிருந்து பிரியும் கொதிநீர் அதை மேலே சுமந்துபோய் ஓரிடத்தில் சேர்க்கும். இந்தோனேசியப் பாப்புவாவில் உள்ள கிராஸ்பெர்க் போன்ற பெரிய செம்புப் படிவுகளை இந்த வழியில்தான் விளக்குகிறார்கள்.

வெள்ளீயத்தின் குணம் இதற்கு நேர் எதிர். அதன் முக்கியத் தாது சல்ஃபைடு இல்லை, ஆக்ஸைடு. ஆக்ஸிஜன் செல்வாக்கு குறைந்த குழம்பில்தான் அது கடைசிவரை திரவத்திலேயே தங்கி, ஓரிடத்தில் திரளும். 1977இல் ஷுன்ஸோ இஷிஹாரா என்ற ஜப்பானியர், கிரானைட்டுகளை மாக்னடைட் வகை, இல்மனைட் வகை என்று இரண்டாகப் பிரித்தார். முதல் வகையில் காந்தம் இழுக்கும் தாது இருக்கும், இரண்டாவதில் அநேகமாக இருக்காது. செம்பு பெரும்பாலும் முதல் வகையோடும், ஈயம் இரண்டாவதோடும் சேர்ந்து வரும். மலேசியாவின் ஈய வளம், குறிப்பாக ஈப்போ பக்கத்துக் கிந்தா பள்ளத்தாக்கின் வளம், இரண்டாவது வகைக் கிரானைட்டோடு வந்தது. அந்தத் தாது கப்பல் ஏறி நம் புலாவ் பிரானிக்கு வந்தது. அங்கே 1890இல் ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனம் உருக்காலை வைத்தது. ஒரு காலத்தில் உலகின் பெரிய ஈய உருக்காலைகளில் அதுவும் ஒன்று. உருக்கு ஆலை, பாருங்கள், அங்கே வினைச்சொல் சரியாக இருக்கிறது.

ஆக நான் தேக்காவில் வாங்கிய ஈயச் சொம்புக்கும், என் தவறான பத்திக்கும், பக்கத்து நாட்டு மலைக்கும், இந்தத் தீவின் வரலாற்றுக்கும் இடையில் ஒரு கயிறு ஓடுகிறது. மாணவி பிடித்தது அந்தக் கயிற்றின் நுனியை. நான் அதை வெட்டிவிட்டேன்.

'இவ்வளவு அறிவியலுக்குத் தமிழில் சொல் ஏது?' என்பது அடுத்த வழக்கமான கேள்வி. உலோகச் சல்ஃபைடு என்றதும் அந்நியமாகத் தெரிகிறதா? நாடக நடிகர் முகத்தில் பூசும் அரிதாரம், முதலில் ஆர்சனிக் சல்ஃபைடு. மனோசிலையும் அதே குடும்பம். சாதிலிங்கம், பாதரசச் சல்ஃபைடு. சித்த மருத்துவர்கள் இவற்றைப் பெயர் சொல்லிப் பிரித்து வைத்திருந்தார்கள், எது நஞ்சு என்றும் தெரிந்து வைத்திருந்தார்கள். அரிதாரம் என்ற சொல்லை இலக்கியப் பாடத்தில் சொல்கிறோம், 'வேடப்பூச்சு' என்று பொருள் எழுதி நகர்ந்துவிடுகிறோம். அது ஒரு மஞ்சள் கல் என்று எத்தனை பேர் சொல்கிறோம்? நானும் சொன்னதில்லை.

நம் பயிற்சி நூல்களில் வரும் அறிவியல் பகுதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. தொடக்கத்தில் 'வியக்கத்தக்க', 'விந்தைமிகு' என்று இரண்டு அடைமொழி. நடுவில் இயற்கை அன்னை. இறுதியில், 'நாமும் இப்பாறையைப் போல் உறுதியுடன் வாழ்வோம்' என்று ஓர் அறிவுரை. (ஆம், என் பகுதியும் அப்படித்தான் முடிந்தது.) நடுவில் 'எப்படி', 'ஏன்' என்பதற்கு இரண்டு வரிதான் இருக்கும், அதுவும் உவமையாக இருக்கும். இது எழுதுகிறவர்களின் திறமைக்குறை அல்ல. தமிழ் என்றால் பண்பாடு, அறிவியல் என்றால் ஆங்கிலம் என்று நாமே பாகப்பிரிவினை செய்துவிட்டோம். அதனால் அறிவியலைத் தமிழில் எழுதும்போதும் பண்பாட்டுக் குரலில்தான் எழுதுகிறோம். பெ. நா. அப்புசுவாமி போன்றவர்கள் பல பத்தாண்டுகள் இதற்கு எதிர்த்திசையில் உழைத்தார்கள். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய கலைக்களஞ்சியம் 1954 முதல் பத்துத் தொகுதிகளாக வந்தது. வழி இருந்தது. நாம்தான் அந்தப் பக்கம் நடப்பதை விட்டுவிட்டோம்.

விமர்சனம் செய்துவிட்டு மாற்று எதுவும் காட்டாமல் போனால் நியாயம் இல்லை. பத்தியை இப்படித் திருத்தினேன்:

"நிலத்துக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், ஏறத்தாழ 750 டிகிரி வெப்பத்தில், கிரானைட் உண்டாகும் பாறைக்குழம்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரும்புச் சல்ஃபைடு மணிகள் சில அதில் சிக்குகின்றன. அவற்றை உருக்க அந்த வெப்பம் போதாது. ஆனாலும் மணிகளின் ஓரங்கள் மெல்ல மெல்லக் கரைகின்றன. பிரிந்த கந்தகம், குழம்பில் ஆக்ஸிஜன் இருந்த சில இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. குழம்பு பாகுபோல் கெட்டியாக இருப்பதால் இந்த வேலை மிக மெதுவாக நடக்கிறது. குழம்பில் நீர் சேர்ந்திருந்தால் அது இளகி, வேலை சற்று விரைவாகும். இக்குழம்பில் இரும்பு குறைவு. ஆகவே அது சீக்கிரம் தெவிட்டிவிடுகிறது. அதன்பின் சல்ஃபைடு கரைவதில்லை. மிஞ்சிய மணிகள், குழம்பிலிருந்த செம்பில் பெரும்பகுதியைத் தமக்குள் இழுத்துக்கொண்டு தங்கிவிடுகின்றன."

மேலே சொன்ன சக ஆசிரியையிடம் காட்டினேன். "வறட்சியா இருக்கு. பழசுல ஒரு ஓசை இருந்துச்சு" என்றார். அதை நான் மறுக்கவில்லை. ஓசை போய்விட்டது. 'பிடித்துக்கொள்கிறது', 'இழுத்துக்கொண்டு' என்பவற்றில் இன்னும் கொஞ்சம் மனிதச் சாயல் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அதை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன், பொய் சொல்லாதவரை. ஆனால் இந்தப் பத்தியிலிருந்து எத்தனை கேள்வி எடுக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். வெப்பம் போதாதபோதும் மணிகள் ஏன் குறைந்தன? நீர் சேர்ந்தால் என்ன மாற்றம், ஏன்? 'தெவிட்டிவிடுகிறது' என்ற சொல் இங்கே என்ன பொருளில் வந்திருக்கிறது? மணிகள் முழுவதும் கரைந்திருந்தால் செம்புக்கு என்ன ஆகியிருக்கும்? பழைய பத்தியில் நாலு கேள்வி கேட்பதற்கே திணறினேன், நாலும் வரியைப் பெயர்த்து எழுதும் கேள்விகள்.

மாணவர்களே, உங்களுக்குத் தனியாக ஒன்று. தேர்வுத்தாளில் வரும் அறிவியல் பகுதியைப் படிக்கும்போது பெயர்ச்சொற்களைப் பார்த்து மிரளாதீர்கள். சல்ஃபைடு என்றால் என்ன என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பகுதியே அதற்கு வழி காட்டும். வினைச்சொற்களின் கீழே கோடு போடுங்கள். எது எதைச் செய்கிறது, எது தானாக நடக்கிறது, எந்த நிபந்தனையில் நடக்கிறது, எங்கே நிற்கிறது. 'ஆனாலும்', 'ஆகவே', 'அதன்பின்' ஆகிய மூன்றும் மேலே எங்கே நிற்கின்றன என்று மறுபடி ஒரு தடவை பாருங்கள். ஏன் என்று கேட்கும் கேள்விகளுக்கு விடை அநேகமாக அவற்றின் பக்கத்தில்தான் இருக்கும்.

ஆசிரிய நண்பர்களே, 'நம் காலடியில் ஒரு கருங்கல்' உங்கள் கோப்பில் இருந்தால் இரண்டாம் பத்தியை மாற்றிக்கொள்ளுங்கள். தலைப்பையும் மாற்றலாம். மாற்ற நேரமில்லாமல் பழைய தாளையே கொடுக்க வேண்டி வந்து, நான்காம் கேள்விக்கு யாராவது 'உருகவில்லை, கரைந்திருக்கும்' என்று எழுதினால், இரண்டு மதிப்பெண்ணும் கொடுத்துவிடுங்கள். விடைக்குறிப்பை எழுதியவர் சம்மதம் தெரிவித்துவிட்டார்.